கால் வீங்கினால் வயலைக் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு,

மாரடைப்பு பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரை பயனுள்ளது. நெஞ்சு நோவை வாய்வு என்று சொல்லி, இஞ்சியும் உள்ளியும் இடித்துக் குடித்துவிட்டு விடியும்வரை காத்திருக்கும் பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் போகவில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும் என்பதையும், சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு நோவே இல்லாமல் வியர்வையும் மூச்சு முட்டலுமாக மாரடைப்பு வரலாம் என்பதையும் எத்தனை தரம் எழுதினாலும் தகும். ஆனால் ஆள் வாட்டிலிருந்து வீட்டுக்கு வந்ததோடு கட்டுரை முடிந்துவிட்டது. எங்களுக்குத் தேவை அதற்குப் பிறகான கதை.

மாரடைப்பில் தப்பியவர்களிலும், வருடக்கணக்காகப் பிரஷரைக் கவனிக்காமல் விட்டவர்களிலும் பலருக்கு இதயம் பலவீனப்பட்டுப் போகிறது. தேவையான அளவு இரத்தத்தை அதனால் தள்ள முடிவதில்லை. உடம்பில் உப்பும் நீரும் தேங்குகின்றன. பின்னேரமானால் கால் வீங்கும். படுத்தால் மூச்சு முட்டும், ஒரு தலையணை இரண்டாகும், நடுச்சாமத்தில் எழும்பிக் குந்தியிருக்க வேண்டி வரும். வன்னியில் இதை யார் வருத்தமாக எடுக்கிறார்கள்? “நாள் முழுக்க வயலுக்கை நிண்டா கால் வீங்காதோ” என்பதோடு சரி.

என் அப்பாவுக்கும் இதே வருத்தம்தான். துணுக்காய்ப் பக்கம் வயல், மாதம் ஒரு தரம் கிளினிக். கிளினிக் நாளில் அவர் முதலில் விடுவது, தேங்கிய நீரைச் சலமாக வெளியேற்றும் குளிசையை. காலையில் போட்டால் பஸ்ஸில் இருக்க முடியாது, வரிசையை விட்டு எழும்பிப் போனால் இலக்கம் தவறிவிடும். பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டால் அவர்களும் அதையே செய்கிறார்கள்! வைத்தியரிடம் சொன்னபோது, அன்றைக்கு மட்டும் வீடு திரும்பியபின் போடலாம் என்றார். கேட்கக் கூச்சப்பட்டே இத்தனை பேர் மருந்தை விடுகிறார்கள். அரிவிவெட்டு வந்தால் கிளினிக்கே இல்லை. “இப்ப சுகமாத்தானே இருக்கு” என்பார்கள். அந்தச் சுகமே குளிசை தந்ததுதான்.

நாரி நோவுக்கும் முழங்கால் நோவுக்கும் பார்மசியில் கேட்டு வாங்கும் குளிசைகள் இன்னொரு தொல்லை. டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்றவை உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்து வைப்பவை. பலவீனமான இதயத்துக்கு ஆகாதவை. கிளினிக் கொப்பியைப் பார்மசியிலும் காட்ட வேண்டும். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டுக் குழம்புக்குத் தான் உப்பே போடவில்லை என்று அம்மா சொல்வது இந்தக் கணக்கில் சேராது.

எல்லாவற்றிலும் லேசான காவல் நிறை பார்ப்பது. காலையில் சலம் போனபின், சாப்பிட முன், ஒரே தராசில் பார்க்க வேண்டும். மூன்று நாளுக்குள் 2 கிலோ கூடினால் அது சதை அல்ல, நீர். அடுத்த கிளினிக் வரும் என்று பார்த்திராமல் உடனே வைத்தியரைக் காண வேண்டும். ஆனால் நெல் மூட்டை நிறுக்கத் தராசு உள்ள ஊரில் ஆளை நிறுக்கத் தராசு இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். சனசமூக நிலையம்தோறும் ஒரு நிறைத் தராசும், மேற்கையில் கட்டிப் பார்க்கும் பிரஷர் கருவி ஒன்றும் வைக்கலாம். பத்திரிகை பார்க்க வருகிறவர் அப்படியே இதையும் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டு போவார். வைத்தியருக்கும் மாதத்தில் ஒரு அளவுக்குப் பதில் பல அளவுகள் கிடைக்கும். குடும்பநல உத்தியோகத்தர் தலையில் இதையும் கட்ட வேண்டாம், அவர்களுக்கு ஏற்கெனவே வேலை கூட. ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேரைப் பழக்கினால் போதும். சைக்கிள் மிதித்து வந்த கையோடு பார்த்தால் பிரஷர் கூடத்தான் காட்டும். ஐந்து நிமிடம் ஆறி இருக்கவிட்டு, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை அவர்கள் தெரிந்திருந்தால் சரி. திருவிழாவுக்குக் காசு அனுப்பும் வெளிநாட்டு உறவுகளிடம் ஒரு உபயத்தை இதற்கென்று கேட்கலாம். எந்தக் கருவி நம்பகமானது என்பதைச் சுகாதாரத் திணைக்களம் சொல்லட்டும். காசு சேர்ப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

வாசகி,
துணுக்காய்