ஹேங்கர் கூட்டிய பையன்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

ஸ்பைடர்மேன் முதல் படத்தில் பென் மாமாவாக வந்து பாதியிலேயே இறந்துபோகும் அந்தப் பெரியவரைப் பற்றி விமானப் பைத்தியங்கள் ஏன் இப்படி உருகுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். இரண்டு வரியில் பதில் போட மனசு வரவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்த மனிதர் அவர். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

கிளிஃப் ராபர்ட்சன். 1923 செப்டம்பர் 9 அன்று கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் பிறந்தார். 2011 செப்டம்பர் 10 அன்று, 88ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், காலமானார். 1968இல் வந்த ‘சார்லி’ படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கினார். கென்னடி ஜனாதிபதியாக இருந்தபோதே, போர்க்காலத்து இளம் கென்னடியாகத் திரையில் நடித்தார். இதையெல்லாம் சினிமாக்காரர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், தேடிப் படித்துக்கொள். நான் சொல்ல வந்தது வேறு.

தாயை மிகச் சின்ன வயதிலேயே இழந்து, பாட்டியிடம் வளர்ந்த பையன் அவர். பதின்ம வயதில் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஒரு சிறு விமானத் தளத்துக்குப் போவாராம். அங்கே ஹேங்கரை, அதாவது விமானங்களை நிறுத்தும் கொட்டகையைக் கூட்டுவது, விமானங்களைத் துடைப்பது, எஞ்சின் பாகங்களைக் கழுவுவது எல்லாம் அவர் வேலை. கூலியாகக் காசு கிடைக்காது. யாராவது ஒரு விமானி மனமிரங்கி மேலே ஏற்றிக்கொண்டு போய், கொஞ்ச நேரம் கட்டுப்பாட்டுக் கோலைக் கையில் கொடுப்பார். அதுதான் கூலி. அந்தப் பையனை மனதில் வைத்துக்கொள், மீதிக் கதை முழுக்க அவன்தான்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது அவர் விமானப் படைக்குப் போகவில்லை, வணிகக் கப்பலில் வேலை பார்த்தார். விமானங்கள் வாங்கிச் சேர்த்ததெல்லாம் நடிப்பில் பணம் வந்த பிறகுதான். டைகர் மாத் இரட்டை இறக்கை விமானங்கள், ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 108, கடைசியில் அந்தப் போரில் பிரிட்டன் பறக்கவிட்ட புகழ்பெற்ற போர் விமானமான ஸ்பிட்ஃபயர் ஒன்று, நிஜமானது. எம்கே923 என்ற எண் கொண்ட ஒன்பதாம் ரகம். இந்த ஒன்பதாம் ரகத்தின் அருமை உனக்குத் தெரிந்திருக்கும். ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190 போர் விமானம் வந்து பழைய ஸ்பிட்ஃபயர்களைத் திணறடித்தபோது, இரண்டு அடுக்கு சூப்பர்சார்ஜர் (உயரத்திலும் சக்தி குறையாமல் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) வைத்த மெர்லின் எஞ்சினைப் பொருத்தி 1942இல் அவசரமாகக் களமிறக்கினார்கள். வானத்தில் அவ்வளவு அழகாகப் பறக்கும் அந்த விமானம் தரையில் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. நீண்ட மூக்கு முன்னால் இருப்பதை மறைத்துவிடும், வளைந்து வளைந்துதான் ஓட்டிப் போக வேண்டும். சக்கரங்களுக்கு இடையே இடைவெளி குறைவு. ரேடியேட்டர்கள் இறக்கைக்கு அடியில் இருப்பதால் தரையில் நிறைய நேரம் நின்றால் எஞ்சின் கொதித்துப்போகும்.

அந்த ஸ்பிட்ஃபயரை விமானக் கண்காட்சிகளில் பல ஆண்டுகள் பறக்கவிட்டவர் ஜெர்ரி பில்லிங் என்ற கனடாக்காரர். போரில் மால்டா தீவின் வானத்தில் ஸ்பிட்ஃபயர் ஓட்டியவர். பழைய போர் விமானம் ஒன்றைச் சொந்தமாக வைத்திருப்பவர், அதே ரக விமானத்தில் உயிரைப் பணயம் வைத்தவர் கையில் அதைக் கொடுக்கிறார். எனக்கு ராபர்ட்சன் மேல் மரியாதை கூடியது இதைப் படித்த பிறகுதான்.

சரி, படங்களுக்கு வருகிறேன். விமானப் பிரியர்கள் எடுத்ததும் சொல்வது 1964இல் வந்த ‘633 ஸ்குவாட்ரன்’. நார்வேயில் ஒரு குறுகிய கடல் பள்ளத்தாக்கில், மலைப்பாறையின் அடியில் ஒளிந்திருக்கும் எரிபொருள் ஆலையைத் தாக்கப் போகும் படை. தலைவர் நம் ஆள். ஆனால் படத்தின் உண்மையான நாயகன் மஸ்கிட்டோ என்ற பிரிட்டிஷ் போர் விமானம்தான். பால்சா மரத்தையும் பிர்ச் பிளைவுட்டையும் ஒட்டிச் செய்த இரட்டை எஞ்சின் விமானம், உள்ளே இரண்டே பேர். படத்தில் வருபவற்றில் பல நிஜ மஸ்கிட்டோக்கள். விபத்துக் காட்சிகளுக்காகச் சிலவற்றை உடைத்தே விட்டார்கள் என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. இப்போது உலகம் முழுவதும் பறக்கும் நிலையில் இருக்கும் மஸ்கிட்டோக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நீ சின்ன வயதில் திரும்பத் திரும்பப் பார்த்த ஸ்டார் வார்ஸ் முதல் படத்தின் கடைசித் தாக்குதல் ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முன்மாதிரியாக இருந்த படங்களில் இதுவும் ஒன்று.

1980இல் ‘தி பைலட்’ என்று ஒரு படத்தை அவரே இயக்கி நடித்தார். குடிப்பழக்கத்தில் சிக்கிய ஒரு விமான கேப்டனின் கதை. பறத்தலை இவ்வளவு நேசித்தவர், விமானி அறைக்குள் இருக்கக்கூடிய பலவீனத்தை மறைக்காமல் காட்டினார் என்பதற்காகவே பார்க்கலாம்.

அவருடைய நேர்மைக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 1977இல், தனக்கு 10,000 டாலர் கொடுத்ததாகக் கொலம்பியா பிக்சர்ஸ் என்ற பட நிறுவனத்தின் கணக்கில் இருப்பதைப் பார்த்தார். அவர் அந்தப் பணத்தை வாங்கவே இல்லை. தோண்டிப் பார்த்தால், நிறுவனத்தின் தலைவராக இருந்த டேவிட் பெகல்மேன் இவருடைய கையெழுத்தைப் போட்டுக் காசோலையை மாற்றியிருந்தார். ராபர்ட்சன் போலீசில் புகார் செய்தார். பெகல்மேன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆனால் சில ஆண்டுகள் பட வாய்ப்பில்லாமல் உட்கார்ந்தது ராபர்ட்சன்தான். கோளாறைக் கண்ணால் பார்த்துவிட்டால், தன் பயணமே ரத்தானாலும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும் என்று பழகியவர்கள் விமானிகள். அவர்களுக்கு இவரைப் பிடித்ததில் வியப்பில்லை.

2001 செப்டம்பர் 11 காலை அவர் ‘பீச்கிராஃப்ட் பேரன்’ (Baron) என்ற தன் சிறு விமானத்தில் நியூயார்க்குக்கு மேலே, சுமார் 7,500 அடி உயரத்தில் ஏறிக்கொண்டிருந்தார். கீழே உலக வர்த்தக மையம். கடத்தப்பட்ட முதல் விமானம் அதில் மோதியது அப்போதுதான். உடனே அருகிலிருக்கும் தளத்தில் இறங்கு என்று உத்தரவு வந்தது, இறங்கினார். இரண்டு நாள் முன்புதான் 78 வயது நிறைந்திருந்தது.

இப்போது அந்த சைக்கிள் பையனிடம் திரும்புவோம். 1992இல் அமெரிக்காவின் இஏஏ என்ற விமான ஆர்வலர் சங்கம் ‘யங் ஈகிள்ஸ்’ திட்டத்தைத் தொடங்கியபோது, அதன் முதல் தலைவர் ராபர்ட்சன். 8 முதல் 17 வயது வரையுள்ள யாரையும் இலவசமாக ஒருமுறை வானத்துக்கு அழைத்துப் போவது, அவ்வளவுதான் திட்டம். விமானிகள் தன்னார்வலர்கள். விமானம் அவர்களுடையது, எரிபொருள் செலவும் அவர்களே பார்த்துக்கொள்வது. ரைட் சகோதரர்கள் பறந்து நூறாண்டு நிறையும் 2003 டிசம்பர் 17க்குள் பத்து லட்சம் பேர் என்று இலக்கு வைத்தார்கள், எட்டினார்கள். ராபர்ட்சனுக்குப் பிறகு ஒலியின் வேகத்தை முதலில் தாண்டிய விமானி சக் யேகர், அப்புறம் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு தலைமை ஏற்றார்கள். எண்ணிக்கை இப்போது இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டது.

இதைவிட எனக்குப் பிடித்தது அவர் பெயரில் அமைந்த இன்னொரு சிறிய திட்டம். இளைஞர்கள் கோடைகாலத்தில், விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷில் இருக்கும் சங்கத்தின் விமானத் தளத்தில் வேலை செய்வது. பதிலுக்கு அவர்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. அவருக்குக் கிடைத்த கூலியேதான். ஸ்பிட்ஃபயர், ஆஸ்கர் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து இதை மறுதட்டில் வைத்தால், என் கணக்கில் இந்தப் பக்கம்தான் தாழும்.

முதலில் ‘633 ஸ்குவாட்ரன்’ பார். கடைசித் தாக்குதலில் நிஜ மஸ்கிட்டோவும் பொம்மை விமானமும் மாறி மாறி வரும், கவனித்தால் கண்டுபிடித்துவிடலாம். எந்தெந்தக் காட்சி எது என்று குறித்து அனுப்பு. என் பட்டியல் தயாராக இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் மாமா