10 பவுண்டுக்கு வாங்கிய வீடு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த இங்கிலாந்துப் பயணக் கட்டுரையில் சசெக்ஸ் பகுதியின் ஆல்ஃபிரிஸ்டன் கிராமத்தைப் பார்த்ததும் மகிழ்ந்தேன். ஆனால் தேவாலயத்துக்குப் பக்கத்திலுள்ள ‘கிளர்ஜி ஹவுஸ்’ என்ற கூரைவீடு அறுநூறு ஆண்டுகளாக அப்படியே நிற்பதாக எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. அப்படியே விட்டிருந்தால் அது என்றோ மண்ணோடு மண்ணாகியிருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அது கவனிப்பாரின்றிச் சிதைந்து, இடிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. அவ்வூர்த் தேவாலயத்தின் பாதிரியாராக இருந்த பேனன் அதைக் காப்பாற்றச் சொல்லிப் பலரிடமும் போய் முறையிட்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்த, பழைய கட்டடங்களையும் இயற்கை எழிலிடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு 1896இல் அதை 10 பவுண்டுக்கு வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் இதுதான். விலை சொற்பம், பழுதுபார்க்கும் செலவுதான் அதைப் போலப் பல மடங்கு. அதற்காக, அமைப்பின் நிறுவனர்களில் ஒருவரான ஆக்டேவியா ஹில் அம்மையார் நன்கொடை கேட்டு அலைந்த கதைக்கு உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே!

இத்தகைய வீடுகளின் கூரை வேய்ந்த கையோடு முடிகிற வேலையல்ல. கோதுமை வைக்கோல் இருபது, முப்பது ஆண்டு தாங்கும். நாணல் இன்னும் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். முகட்டை மட்டும் பத்துப் பதினைந்து ஆண்டுக்கொரு முறை புதிதாகக் கட்ட வேண்டும். சுவரும் அப்படித்தான். ஓக் மரச் சட்டங்களை மரமுளை அடித்துப் பூட்டி, இடைவெளியில் குச்சிகளைப் பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பியிருப்பார்கள். மேலே சுண்ணாம்புதான் பூச வேண்டும். உறுதியாக இருக்கட்டுமென்று சிமெண்ட் பூசிய பழைய வீடுகளில் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே மரம் உளுத்துப்போனது. நல்லெண்ணத்தில் செய்த கெடுதல்!

இன்னொன்று: நடுக்கூடத்தின் தரையைக் கட்டுரையாளர் எப்படித் தவறவிட்டார்? சீமைச்சுண்ணாம்பை இடித்துக் கெட்டித்து, புளித்த பாலை ஊற்றி இறுக்கிய தரை அது. அண்ணாந்து பார்த்தால் மேல்தளம் கிடையாது, நேரே கூரைதான். அந்தக் காலத்தில் புகைபோக்கி இல்லாமல் நடுவில் தீ மூட்டினார்கள். புகை கூரை வழியாகத்தான் வெளியேறியது.

வாசலில் எடுத்த படங்கள் போதும். கூரை வேய்கிறவர் ஒருவரையோ, பழைய மரச்சட்டங்களைச் சீர்செய்யும் தச்சர் ஒருவரையோ பேட்டி கண்டு அடுத்த இதழில் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, பிரைட்டன்