நாலாவது டெர்ம் முடியுது, கூடவே லிச்சி மரத்தடி விஷயம்

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

வருஷக் கடைசி, இன்னும் ரெண்டு சனிக்கிழமைதான் கிளாஸ் இருக்கு. தீபாவளி நிகழ்ச்சி நல்லபடியா நடந்துச்சு, கோலாட்டம் அழகா இருந்துச்சு, பரீட்சையும் எல்லாரும் நல்லாவே எழுதியிருக்காங்க, ரிப்போர்ட் அடுத்த வாரம் கைக்கு வரும்.

இப்ப நான் எழுத வந்த விஷயம். மூணு வாரமா நம்ம கிளாஸ் பின்னாடி, வேலியை ஒட்டின வீடுங்களோட லிச்சி மரத்தடியில பறவைங்க செத்துக் கிடக்குது. முதல்ல ஒரு டாப்பி (கொண்டைக்குருவி), அப்புறம் ரெண்டு மவுஸ்பேர்ட் (பழம் தின்ற நீள வால் குருவி), போன வாரம் ஒரே நாள்ல மூணு மைனா. போன சனிக்கிழமை ரெண்டாம் கிளாஸ் பிள்ளை ஒண்ணு இன்னொரு டாப்பியை லஞ்ச் டின்னுல வெச்சு எடுத்துட்டு வந்து "டீச்சர், இதுக்கு தண்ணி குடுக்கலாமா"ன்னு கேக்குது. அலகுல லிச்சி சாறு காயாம ஒட்டியிருக்கு, உடம்புல காயமே இல்ல, கால் விரல் மட்டும் இறுக்கி மூடியிருக்கு. அதே டின்னுல பாதி தின்ன ரொட்டி. எனக்கு கை நடுங்கிடுச்சு.

ஏன் சாகுதுன்னு இன்னும் தெரியல. பறவைக் காய்ச்சலா இருக்கலாம், மருந்தா இருக்கலாம். விரல் அப்படி சுருண்டுக்கறது பூச்சிமருந்து தின்ன பறவைங்ககிட்ட பாக்குற ஒரு அடையாளம், ஆனா அதை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது, அதான் ஸ்டேட் வெட்டுக்கு, அதாவது அரசு கால்நடை டாக்டருக்கு, சொல்லியிருக்கோம். நான் யாரையும் குத்தம் சொல்லல. வருஷம் பூரா காத்திருந்த பழத்தை கொத்திட்டுப் போனா வயிறு எரியத்தான் செய்யும், எங்க வீட்டு மாமரத்துலயும் இதே பாடுதான்.

ஆனா ஒண்ணை நேராவே சொல்லிடறேன். தெருவுல பேர் இல்லாத பாக்கெட்ல விக்கிற எலி மருந்தை மரத்தடியில தூவாதீங்க. 2024 அக்டோபர்ல ஜோகன்னஸ்பர்க் பக்கம் சொவெட்டோ நலேடியில 6 பிள்ளைங்க செத்தது டெர்புஃபோஸாலதான், வயலுக்குப் போடுற குருணை மருந்து அது, அதையே தெருவுல எலிக்குன்னு விக்கிறாங்க. 2025-ல தென்னாப்பிரிக்க கேபினட்டே அந்த மருந்தைத் தடை பண்ண ஒத்துக்கிச்சு. குருணையை பறவை விதைன்னு நெனச்சு கொத்தும், தவழ்ற பிள்ளை வாயில போடும். யாராவது ஏதாவது போட்டிருந்தா என்ன மருந்துன்னு எனக்கு வாட்ஸாப்புல சொல்லுங்க, உங்க பேரு வெளிய வராது. அப்புறம் செத்த பறவையை தொட்டாலோ விழுந்த லிச்சியை பொறுக்கித் தின்னாலோ, எந்தப் பிள்ளையா இருந்தாலும் அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுவேன், இதுல விட்டுக்குடுக்க மாட்டேன்.

லிச்சிக் கொத்துக்கு பேப்பர் பை கட்டுறது எப்படின்னு போன வாரம் காட்டிக் குடுத்த தாத்தாவுக்கும், கிளவுஸ் வாங்கிட்டு வந்த அம்மாமாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு தூரம் வாராவாரம் பிள்ளைங்களை தமிழ் படிக்கக் கூட்டிட்டு வர்ற உங்க எல்லாருக்கும்தான். சனிக்கிழமை 9 மணிக்குப் பாக்கலாம், மூடின ஷூ போட்டு அனுப்புங்க.

அன்புடன்,
தலைமையாசிரியை,
சனிக்கிழமை தமிழ் வகுப்பு, சாட்ஸ்வர்த், டர்பன்