மாப்ளே, அந்த ஐ7 வேண்டாம்

சென்னை,
ஜனவரி 2026

அன்பு மாப்ளே,

மருமகளுக்கு ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்ற உன் கடிதமும் அதோடு நீ வைத்து அனுப்பிய கடைக்காரரின் கொட்டேஷனும் கிடைத்தன. மருமகள் முதல் செமஸ்டரில் எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள், அதிலும் சி புரோகிராமிங்கில் வகுப்பிலேயே அவளுக்குத்தான் முதல் மார்க் என்ற வரியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பொங்கலுக்கு ஊருக்கு வர முடியாத குறை அந்த ஒரு வரியில் தீர்ந்துபோனது. கல்லூரி லேபில் வாரத்துக்குச் சில மணி நேரம்தான் சிஸ்டம் கிடைக்கிறது, மீதி நாளெல்லாம் செல்போனில் புரோகிராம் அடித்துப் பழகுகிறாள் என்று எழுதியிருந்தாய். அந்தச் சின்னத் திரையில் அவள் இவ்வளவு செய்திருக்கிறாள் என்றால், கையில் ஒரு கீபோர்டு கொடுத்துப் பார்.

சரி, கொட்டேஷனுக்கு வருகிறேன். 'ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 20 இன்ச் மானிட்டர், ஒரு வருட வாரண்டி, மொத்தம் 19,500 ரூபாய்.' பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. அதை வாங்காதே மாப்ளே.

அந்தத் தாளில் கம்ப்யூட்டரின் மூளையான பிராசசருக்கு ஐ7 என்று பெரிதாக இருக்கிறது, எந்த மாடல் என்று எங்கேயும் இல்லை. மதர்போர்டு வரியில் எச்61 என்று சின்னதாகப் போட்டிருக்கிறார், அது போதும். எச்61 இன்டெல் 2011இல் கொண்டுவந்த சிப்செட். அந்தப் போர்டில் உட்காரக்கூடிய ஐ7 என்றால் 2600, 3770 போன்றவைதான். முதலாவது 2011இல் வந்தது, இரண்டாவது 2012இல். மருமகள் எல்கேஜி போன காலத்துச் சரக்கு. எச்61 போர்டுகளை இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அதனால் போர்டு புதிது, கலர் விளக்கு எரியும் கேபினெட் புதிது, பெட்டி பிரித்த வாசனைகூட வரும். பிராசசர் மட்டும் எங்கோ பழைய சிஸ்டத்திலிருந்து கழற்றியது. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாமா ஒரு மாடாவது வாங்கியிருப்பாரா? ஐ7 என்ற பெயரை மட்டும் கேட்டுச் சிஸ்டம் வாங்குவதும் அப்படித்தான்.

பிராசசருக்குப் பல் பார்ப்பது சுலபம். ஐ5-8500 என்று இருந்தால், கோட்டுக்குப் பிறகு வரும் நான்கு இலக்கத்தில் முதல் எண் தலைமுறை. எட்டாவது ஜென் என்று கடையில் சொல்வார்கள். ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டையும் எடுத்துக்கொள்: ஐ3-12100 என்றால் பன்னிரண்டாவது ஜென். ஐ3, ஐ5, ஐ7 என்பது அந்தந்தத் தலைமுறைக்குள் இருக்கும் படிகள். தலைமுறை மாறினால் அந்தப் படிக்கு அர்த்தமே மாறிவிடும். 2022இல் வந்த அந்த ஐ3, பத்து வருடம் முந்தைய ஐ7-3770ஐத் தாராளமாக முந்தும். இரண்டுக்கும் கோர், அதாவது உள்ளே வேலை செய்யும் அலகு, நான்குதான். இன்னொன்றும் உண்டு. இன்றைய யூடியூப் வீடியோக்கள் வரும் வடிவத்தைப் பழைய ஐ7இன் கிராபிக்ஸ் நேரடியாகப் பிரிக்கத் தெரியாமல் எல்லா வேலையையும் பிராசசர் தலையில் கட்டும். அவள் பாடம் படிப்பதே பாதி வீடியோவில்தான், ஃபேன் இரைந்துகொண்டே இருக்கும்.

கடைசியாக விண்டோஸ். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு, இன்டெல் என்றால் எட்டாவது ஜென் அல்லது அதற்கு மேல் வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்று அவர்களே வரையறுத்திருக்கிறார்கள். பழைய சிஸ்டத்திலும் குறுக்கு வழியில் 11ஐ ஏற்றிக்கொடுக்கிறார்கள், ஓடவும் ஓடும். ஒரு பெரிய அப்டேட் வரும்போது நின்றுபோனால் அறந்தாங்கியில் யாரிடம் போய் நிற்பாய்?

நீ கேட்டது 25,000 ரூபாய்க்குள் எல்லாம் அடங்க வேண்டும் என்று. அடங்கும். அலுவலகத்தில் ஓடிக் கழித்த பிராண்டட் சிஸ்டம் ஒன்றை வாங்குவதுதான் வழி, அதுவும் எட்டாவது ஜென்னுக்குக் கீழே போகாமல். கம்பெனிகளின் சிஸ்டங்களை வருட ஒப்பந்தத்தில் பராமரிக்கிற ஏஎம்சி வேலையில் இதை நான் தினமும் பார்க்கிறேன். ஐடி கம்பெனிகளும் வங்கிகளும் நான்கைந்து வருடத்தில் சிஸ்டங்களை மொத்தமாக மாற்றுவார்கள். ஏசி அறையில் யுபிஎஸ் மின்சாரத்தில் ஓடிய பெட்டிகள், பெரும்பாலும் எக்செலுக்கும் மெயிலுக்கும் மட்டும் பயன்பட்டவை. அவை லாட் லாட்டாக வந்து ரிச்சி தெருவிலும் சுற்றியுள்ள நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெருக் கடைகளிலும் இறங்கும். டெல் ஆப்டிப்ளெக்ஸ் 5060, எச்பி புரோடெஸ்க் 600 ஜி4, லெனோவா திங்க்சென்டர் எம்720 ஆகியவை எல்லாம் எட்டாவது ஜென் கொண்டவை. அவற்றில் ஐ5-8500 கிடைத்தால் ஆறு கோர், மருமகள் பட்டம் வாங்கும் வரை குறை வைக்காது. விண்டோஸ் புரோ லைசன்ஸ் மதர்போர்டிலேயே பதிந்து வருவதால் அதற்குத் தனியாகக் காசும் வேண்டாம், திருட்டு கீயும் வேண்டாம்.

புதிதாகவே அசெம்பிள் செய்யலாமே என்று தங்கச்சி கேட்டதாக எழுதியிருந்தாய். நியாயமான கேள்வி. போன வருடம் இதே நேரம் கேட்டிருந்தால் நானே ரைசன் 5 5600ஜி போட்டு ஒன்று எழுதிக் கொடுத்திருப்பேன். கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் நல்ல பிராசசர் அது. இப்போது கணக்கு இடிப்பது ரேமில். உலகத்தில் ரேம் சிப் செய்வதில் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள்தான் பெரும்பங்கு. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் கேட்கிற விலையைக் கொடுத்து வாங்குவதால், மூன்றும் தங்கள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டன. போன டிசம்பரில் மைக்ரான், குரூஷியல் என்ற பெயரில் கடைகளுக்குக் கொடுத்துவந்த ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே இந்த பிப்ரவரியோடு மூடுவதாக அறிவித்துவிட்டது. சில மாதங்களில் ரேம் விலை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. எஸ்எஸ்டியும் பின்னாலேயே ஏறுகிறது. எங்கோ அமெரிக்காவில் கட்டுகிற கட்டடத்துக்காகக் கடைமடையில் ஒரு பிள்ளை படிக்கிற பெட்டிக்கு விலை ஏறுகிறது என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதனால்தான் ரேமும் உள்ளேயே இருக்கிற பழைய சிஸ்டத்தைச் சொல்கிறேன்.

என் கணக்கைச் சொல்கிறேன், விலை நாளுக்கு நாள் கொஞ்சம் முன்பின் இருக்கும். எட்டாவது ஜென் ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டியோடு பெட்டி 14,000. புது மானிட்டர் 6,500. யுபிஎஸ் 2,800. கீபோர்டும் மவுஸும் 700. கேபிள், வைஃபை டாங்கிள் இரண்டும் சேர்த்து 800. கூட்டினால் 24,800.

8 ஜிபி போதுமா என்றால், சி, ஜாவா, பைத்தான், மைஎஸ்க்யூஎல் எல்லாவற்றுக்கும் போதும். மூன்றாம் வருடம் செல்போன் ஆப் செய்கிற ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ என்று போனால் 16 கேட்கும். அதனால் 8 ஜிபி ஒரே குச்சியாக இருக்கிறதா, பக்கத்தில் ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுப்பேன். விலை இறங்கும்போது இன்னொன்றைச் செருகிக்கொள்ளலாம். எஸ்எஸ்டி இல்லாமல், உள்ளே தட்டு சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் மட்டும் போட்ட பெட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடமாட்டேன். பழைய சிஸ்டம் ஆமை மாதிரி நகர்கிறது என்று ஜனங்கள் அலுத்துக்கொள்வதில் பெரும்பகுதி அந்தச் சுழலும் தட்டினால்தான்.

கடையில் நான் செய்யப்போவதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு உன் பக்கத்து வீட்டில் யாராவது கேட்டால் உதவும். டெல் பெட்டி என்றால் பின்னால் சர்வீஸ் டேக் என்று ஒரு எண் ஒட்டியிருக்கும். அதை டெல்லின் தளத்தில் போட்டால் அந்தப் பெட்டி கம்பெனியிலிருந்து எப்போது கிளம்பியது, அப்போது உள்ளே என்னென்ன இருந்தது என்று வந்துவிடும். கடைக்காரர் சொல்வதோடு ஒத்துப்பார்க்கலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசசர் பெயர், ரேம் அளவு, எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது எல்லாம் தெரியும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் எஸ்எஸ்டியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று காட்டும். விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரையில் நுழையும்போது பழைய அலுவலகத்தின் பாஸ்வேர்டு கேட்டால் அந்தப் பெட்டியை அங்கேயே வைத்துவிட வேண்டும், பாஸ்வேர்டை எடுத்துத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னாலும். அப்புறம் எல்லா யுஎஸ்பி வாயிலிலும் பென் டிரைவைச் செருகிப் பார்த்துவிட்டு, ஒரு அரை மணி நேரம் வீடியோ ஓடவிட்டு ஃபேன் சத்தத்தைக் கேட்க வேண்டும்.

மிகச் சின்னதாக மைக்ரோ என்று ஒரு பெட்டி வரும், அழகாக இருக்கும். மருமகளுக்கு அதை எடுக்க மாட்டேன். லேப்டாப் ரேம் போடுகிற இறுக்கமான பெட்டி அது, பிறகு எதையும் சேர்க்க இடமில்லை. எஸ்எஃப்எஃப் என்கிற நடுத்தர அளவுப் பெட்டிதான் என் தேர்வு. ஒரே ஒரு விஷயம், இந்த பிராண்டட் பெட்டிகளுக்கு உள்ளே மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் அந்தந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும். கெட்டுப்போனால் அறந்தாங்கிக் கடையில் கிடைப்பதைப் போட்டுவிட முடியாது, என்னிடம் சொல், இங்கிருந்து அனுப்புகிறேன்.

மானிட்டரில் காசைக் குறைக்காதே. கொட்டேஷனில் இருக்கிற 20 இன்ச் பழைய பேனலாக இருக்கும், பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மங்கும். பெட்டியை நாளைக்கு மாற்றலாம், கண் அவளுடையது. தினமும் நான்கைந்து மணி நேரம் பார்க்கப்போகிறாள். 22 இன்ச், 1920க்கு 1080, பக்கவாட்டிலும் நிறம் மங்காத ஐபிஎஸ் பேனல் என்று கேட்டு அங்கேயே புதிதாக வாங்கு. கடையிலேயே போட்டுப் பார்த்து, திரையில் எங்காவது புள்ளி செத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுத்துக்கொள். மலிவு மானிட்டர்களில் எச்டிஎம்ஐ இருக்கும், இந்த அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் டிஸ்ப்ளே போர்ட் மட்டும்தான் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகிற கேபிளை நான் இங்கேயே வாங்கிவிடுகிறேன். வைஃபையும் பெரும்பாலும் உள்ளே இருக்காது, டாங்கிள் அதற்குத்தான்.

யுபிஎஸ் கட்டாயம். 600 விஏ போதும். நம்ம ஊரில் கரண்ட் போவதைவிட, போய்த் திரும்பி வரும்போது வருகிற அடிதான் பெட்டியைக் கொல்கிறது. சிஸ்டம் வைக்கப்போகிற அறையில் மூன்று முனை பிளக்குக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து இந்த வாரமே பார்த்துவிடு. சுவரை ஒட்டி ஒரு நல்ல மேசை, கை முட்டி தொங்காத உயரத்தில் ஒரு நாற்காலி. நாமிருவரும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர் முடித்தபோது, முதுகு நிமிர்ந்து உட்காராவிட்டால் ஆசிரியர் ஸ்கேலால் தட்டுவாரே, அதை அவளுக்கும் சொல்.

அவள் டெஸ்க்டாப் கேட்டதில் எனக்குத் தனி சந்தோஷம். கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் லேப்டாப் வைத்திருக்கும்போது இதைக் கேட்க ஒரு தெளிவு வேண்டும். இதே காசுக்குப் புது லேப்டாப் என்றால் மெதுவான பிராசசரும், பல மாடல்களில் பிறகு மாற்றவே முடியாதபடி பற்றவைத்த ரேமும்தான் கிடைக்கும். இதில் அவளே மூடியைத் திறந்து, இது ரேம், இது எஸ்எஸ்டி, இது ஃபேன் என்று தொட்டுப் பார்க்கலாம். தூசி தட்டலாம், ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டலாம். அவள் விரும்பினால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தையும் விண்டோஸ் பக்கத்திலேயே போட்டுத் தருகிறேன், புரோகிராமிங் பழக அது அருமையான இடம். திறந்தால் கெட்டுவிடும் என்று நீயோ தங்கச்சியோ தடுக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறக்கட்டும், அவ்வளவுதான். எங்கள் கம்பெனியில் சர்வீஸுக்கு வருகிற பையன்களில் தேறுகிறவர்கள் எல்லாம் வீட்டில் ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர்கள்.

சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டுப் பணம் வங்கிக்கு வந்த பிறகு வாங்கலாம் என்று எழுதியிருக்கிறாய். அதுவரை பொறுக்காதே என்பேன். ரேம் விலை ஏறுகிற வேகத்தில் இந்தப் பழைய பெட்டிகளின் விலையும் ஏறத் தொடங்கிவிட்டது, கடைக்காரர்களுக்கும் கணக்குத் தெரியும். பெட்டிக்கான 14,000ஐ நான் போட்டு இப்போதே எடுத்துவிடுகிறேன். நீ நெல் பணம் வந்ததும் கொடு, நமக்குள் அதற்குத் தேதியெல்லாம் வேண்டாம். கல்லணைக் கால்வாயில் இந்தத் தடவை கடைசி வரை தண்ணீர் வந்ததா, மகசூல் எப்படி என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அதையும் எழுது.

அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன கண்ணில் சொட்டு மருந்தை டாக்டர் சொன்ன நாள் வரை விடாமல் போடச் சொல். நன்றாகத் தெரிகிறது என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள், அத்தை நிறுத்தக்கூடிய ஆள்தான்.

தைப்பூசத்துக்கு ஊருக்கு வருகிறேன். பெட்டி ஐந்து கிலோதான் இருக்கும், பார்சலில் போடாமல் கையிலேயே எடுத்து வந்துவிடுகிறேன். அதற்குள் மானிட்டரும் யுபிஎஸ்ஸும் வாங்கி வைத்துவிடு. அந்த 19,500 கடைக்காரரிடம் அட்வான்ஸ் ஏதும் கொடுத்திருந்தால் உடனே எனக்கு போன் பண்ணு. கொடுத்த காசுக்கு அவரிடமே மானிட்டரை எடுத்துக்கொள்ளலாமா என்று பேசிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்