டைட்டில் கார்டுல விட்டுப்போன பேருங்களுக்காக ஒரு நன்கொடை வேண்டுகோள்

எல்லாருக்கும் வணக்கம். காசு கேட்டுதான் வந்திருக்கோம், அதை முதல்லயே சொல்லிடறோம், சுத்தி வளைச்சு கடைசியில கேட்டா உங்களுக்கும் எரிச்சலா இருக்கும் எங்களுக்கும் கூச்சமா இருக்கும்.

விஷயம் இதுதான். பேசாப்பட காலத்துல பெண்கள் டைரக்ட் பண்ண சின்னச் சின்ன படங்கள் கொஞ்சம் இன்னும் மிச்சமிருக்கு. அதுல காப்புரிமை முடிஞ்சு யாரும் எடுத்துக்கலாம்ங்கிற நிலைமையில இருக்கற 12 படத்தை எடுத்து, நடுநடுவுல வர்ற எழுத்து அட்டையை எல்லாம் தமிழ்ல மாத்தி, கண்ணு தெரியாதவங்களுக்கும் படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரி ஒரு குரலும் சேர்த்து, யார் கேட்டாலும் இலவசமா குடுக்கணும்னுதான் இந்தக் கமிட்டி. மொத்தம் ஒன்பது பேர். எடிட்டர் ஒருத்தங்க, டப்பிங் பேசறவங்க ரெண்டு பேர், ரிட்டயர்டு ஆன ஒரு தமிழ் டீச்சர், கேமரா அசிஸ்டென்ட்டா இருக்கற ஒரு பொண்ணு, மிச்ச நாலு பேருக்கு படம் பார்க்கறதைத் தவிர வேற தகுதி கிடையாது. மூணு படம் முடிஞ்சுருச்சு. ஒன்பது பாக்கி. கைக்காசு தீர்ந்துபோச்சு.

இவ்ளோ பழைய படத்தை யாருப்பா பார்ப்பாங்கன்னு எங்க வீட்டுலயே கேக்கறாங்க. அவங்களுக்கு நாங்க சொல்றது ஆலிஸ் கீ கதையைத்தான். பிரான்ஸ்ல கேமரா விக்கற ஒரு கம்பெனியில செகரட்டரி. சினிமா பிறந்தே ஒரு வருஷம்தான் ஆகுது, 1896, முதலாளி லியோன் கோமோன்கிட்ட போய் நானும் ஒரு கதை எடுத்துப் பார்க்கட்டுமான்னு கேக்கறாங்க, ஆபீஸ் வேலை கெடாம பார்த்துக்கிட்டா எடுத்துக்கோன்னு அவரு விட்டுட்டாரு. அவ்வளவுதான், அதுக்கப்புறம் நூத்துக்கணக்குல படம். 1910-ல அமெரிக்காவுல சோலாக்ஸ்னு சொந்தக் கம்பெனி, அதுக்கு சொந்தமா ஸ்டூடியோ, அந்த ஸ்டூடியோ சுவத்துல நடிகருங்களுக்காக பெருசா ஒரு போர்டு, 'இயல்பா இருங்க'ன்னு. எல்லாரும் கையைக் காலை ஆட்டி நடிச்சுக்கிட்டு இருந்த காலத்துல! அப்புறம் கம்பெனி நொடிச்சுப்போச்சு, குடும்பமும் உடைஞ்சுபோச்சு, ரெண்டு பிள்ளைங்களோட பிரான்ஸுக்குத் திரும்பினாங்க. 1927-ல தன்னோட படங்களைத் தேடி மறுபடி அமெரிக்கா போனாங்க, ஒண்ணுகூட கையில கிடைக்கல. அவங்க எடுத்த சில படங்களுக்கு மத்தவங்க பேரை வேற போட்டுட்டாங்க. அவங்க இறந்தது 1968-ல, சொந்தமா எழுதின வாழ்க்கைக்கதை புஸ்தகமா வந்தது 1976-ல.

நாங்க முதல்ல முடிச்சது அவங்க 1912-ல எடுத்த ஒரு படம், பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல ஓடும். அக்காவுக்கு காசநோய், டாக்டர் வந்து பார்த்துட்டு கடைசி இலை உதிரும்போது இவங்க இருக்கமாட்டாங்கன்னு பெரியவங்ககிட்ட சொல்றாரு. அதை ஒட்டுக்கேட்ட தங்கச்சி, சின்னப் பாப்பா, ராத்திரி தூங்கற டிரஸ்ஸோடயே தோட்டத்துக்குப் போய் கீழ விழுந்த இலையை எல்லாம் பொறுக்கி நூலை வச்சு கிளையில திரும்பக் கட்ட ஆரம்பிக்குது. டாக்டர் பேசற அந்த ஒரு அட்டைக்கு நாங்க ரெண்டு ஞாயித்துக்கிழமை சண்டை போட்டோம். தமிழ் டீச்சரம்மா 'இறுதி இலை உதிர்கையில் இவளும் நம்மை நீங்கிவிடுவாள்'னு எழுதிட்டு வந்தாங்க, அழகாத்தான் இருந்துச்சு, ஆனா டப்பிங் அக்கா எந்த டாக்டர்மா இப்படிப் பேசுவாருன்னு கேட்டுட்டாங்க. டீச்சரம்மா கோவிச்சுக்கிட்டு ஒரு வாரம் வரல. அப்புறம் அவங்களே யோசிச்சு வந்து சொன்னாங்க, அந்தக் குழந்தை டாக்டர் சொன்னதை அப்படியே நம்பி இலையைக் கட்டப் போகுதுன்னா வாக்கியம் குழந்தைக்கே புரியற மாதிரி இருந்தாத்தானே கதை நிக்கும்னு. கடைசியில 'கடைசி இலை விழும்போது இவங்க இருக்கமாட்டாங்க'ன்னு வச்சோம். டப்பிங் அக்கா அதைப் படிச்சுட்டு ஒண்ணுமே சொல்லல, அதுவே பெரிய விஷயம்.

வேலை இது மட்டும் இல்ல. அந்தக் காலத்துல கேமராவைக் கையால சுத்துவாங்க, ஒரு செகண்டுக்கு 16, 18 ஃபிரேம்னு (ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு ஃபோட்டோ) ஓடும், அதை இப்ப 24-ல ஓட்டினா எல்லாரும் எறும்பு மாதிரி ஓடறாங்க, பழைய படம்னாலே காமெடின்னு நமக்குத் தோணறதுக்குப் பாதிக் காரணம் இதுதான். ஒவ்வொரு காட்சியா உக்காந்து வேகத்தைச் சரி பண்ணணும். போன வருஷம் நாலு மாசம் இப்படி செஞ்ச வேலை ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்ல இருந்துச்சு, ஒரு நாள் காலையில டிக் டிக்னு சத்தம், அதோட போச்சு. காப்பி எடுத்து வைக்காதது முழுக்க எங்க தப்பு. படம் தொலைஞ்சுபோன பெண்களைப் பத்திப் பேச வந்தவங்களே படத்தைத் தொலைச்சோம்னு இன்னைக்கும் எங்களை நாங்களே திட்டிக்கறோம். இனிமே எல்லாமே மூணு காப்பி, அதுல ஒண்ணு வேற ஒருத்தர் வீட்டுல.

டிவி பக்கமும் இதே கதைதான். டாக்டர் ஹூன்னு பிபிசில 1963-ல ஆரம்பிச்ச சீரியல், இப்ப வரைக்கும் உலகம் பூரா ரசிகருங்க இருக்காங்க. அதுக்கு முதல் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட், அப்ப வயசு 27. அதோட தீம் மியூசிக்கை மெட்டா எழுதினவரு ரான் கிரெய்னர், ஆனா நம்ம காதுல விழற அந்த சத்தத்தை உண்டாக்கினது டீலியா டெர்பிஷயர்னு ஒரு அம்மா, சின்தசைசர் எல்லாம் கையில இல்லாத காலம், ஒவ்வொரு ஸ்வரத்தையும் டேப்புல பதிஞ்சு, பிளேடால வெட்டி, ஒட்டி ஒட்டிக் கோத்தாங்க. கிரெய்னரே அசந்துபோய் என் பேரோட இவங்க பேரையும் சேர்த்துப் போடுங்கன்னு சொன்னாரு, ஆபீஸ் ரூல்ஸ் இடம் குடுக்கலைன்னுட்டாங்க. டீலியா 2001-ல போய்ச் சேர்ந்துட்டாங்க. திரையில அவங்க பேரு வந்தது 2013-ல.

நம்ம பக்கம் டி.பி.ராஜலட்சுமி அம்மா. 1931-ல வந்த முதல் தமிழ் பேசும்படம் 'காளிதாஸ்'ல ஹீரோயின், 1936-ல 'மிஸ் கமலா'ன்னு தானே கதை எழுதி தானே டைரக்ட் பண்ணி தானே தயாரிச்சாங்க. காளிதாஸ் பிரிண்ட் இன்னைக்கு எங்கயும் இல்ல. அந்தக் காலத்துத் தமிழ்ப் படங்கள்ல முக்காவாசிக்கு இதே கதிதான். அதனாலதான் இருக்கறதையாவது பிடிச்சு வைப்போம்ங்கறோம், நம்ம ஊரு வெளியூருன்னு பிரிச்சுப் பார்க்காம.

எங்க கேமரா அசிஸ்டென்ட் பொண்ணு முதல் நாள் ஷூட்டிங் போனப்போ கேட்டுலயே மேக்கப்பா காஸ்ட்யூமான்னு கேட்டாங்களாம். கேமரான்னு சொன்னதுக்கு சிரிச்சாங்களாம். பி.ஆர்.விஜயலட்சுமி 1985-லயே 'சின்ன வீடு' படத்துக்கு ஒளிப்பதிவு பண்ணிட்டாங்கன்னு அப்ப அந்தப் பொண்ணுக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா அந்த இடத்துலயே சொல்லியிருப்பேன்னு இப்பவும் புலம்பும். ஆஸ்கர்ல மட்டும் என்ன வாழுது, டைரக்ஷனுக்கு முதல் தடவையா ஒரு பெண் கையில விருது போனது 2010-ல, கேத்ரின் பிக்லோ, ஒளிப்பதிவுக்கு ஒரு பெண் பேரு பரிந்துரைப் பட்டியல்லயாவது முதல்ல வந்தது 2018-ல, ரேச்சல் மாரிசன். நமக்கு முன்னாடி ஒருத்தி செஞ்சிருக்கான்னு தெரியறதும் தெரியாததும் கேட்டுல நிக்கற பொண்ணுக்கு ரொம்ப வித்தியாசம்.

சரி, காசுக்கு வருவோம். எங்க ஒன்பது பேருக்கும் சம்பளம் கிடையாது. செலவு எதுக்குன்னா ரெக்கார்டிங் ரூமுக்கு மணிக்கணக்குல வாடகை, பின்னணி இசை வாசிக்கறவங்களுக்கு நியாயமான கூலி (புண்ணியத்துக்கு வாசிங்கன்னு கேக்க எங்களுக்கு மனசு வரல), அப்புறம் ஹார்ட் டிஸ்க். எவ்வளவு குடுக்கணும்னு கணக்கு எதுவும் கிடையாது, முடிஞ்சதைக் குடுங்க. பொருளாளர்கிட்ட குடுத்துட்டு ரசீதைக் கேட்டு வாங்கிக்கங்க, வாங்காம போகாதீங்க. மாசாமாசம் வரவு செலவு நன்கொடை குடுத்த எல்லாருக்கும் வரும். வேலை நடுவுல நின்னுட்டா மிச்சம் இருக்கறது உங்களுக்கே திரும்பி வரும். விளம்பரம் போட்டுக்கறோம் மொத்தச் செலவும் எங்களுதுன்னு ஒருத்தர் வந்தாரு, படத்துக்கு முன்னாடி அவரு கடைப் பேரு வரணுமாம், வேணாம்னுட்டோம்.

காசு குடுத்தவங்க எல்லார் பேரும் படத்தோட கடைசி அட்டையில வரும், பத்து குடுத்தவங்களும் பத்தாயிரம் குடுத்தவங்களும் ஒரே சைஸ் எழுத்துல, அகர வரிசையில. இதுல ஒரு சங்கடம். இதுவரைக்கும் குடுத்த அம்மாங்க, அக்காங்க நிறைய பேரு, வீட்டுக்காரர் பேருல போட்டுருங்க, பையன் பேருல போட்டுருங்கன்னுதான் சொல்றாங்க. தாயே, நாங்க இந்த வேலையை ஆரம்பிச்சதே எதுக்குன்னு கொஞ்சம் யோசிங்க! உங்க பேரைக் குடுங்க, இனிஷியலோட, தெளிவா, ரசீதுக்குப் பின்னாடி எழுதிக் குடுத்தாலும் சரி. ஏன்னா முதல் படத்துல மல்லிகாங்கறவங்களை மாளிகான்னு அடிச்சுட்டோம், அவங்க இன்னும் எங்களோட பேசறதில்ல.