“கிடுகிடு உயர்வு”ன்னு தலைப்பு வைக்கறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நியூஸ் சேனல்லயும் பேப்பர்லயும் தலைப்பு எழுதற ஆசிரியர்களுக்கு,

வணக்கமுங்க. பவானியில காவிரிக் கரையோரம் இருக்கற ஜமக்காள நெசவுக் குடும்பத்துல இருந்து எழுதறேன். போன வாரம் பவுனுக்கு 80 ரூபா ஏறினதுக்கு “தங்கம் கிடுகிடு உயர்வு”ன்னு போட்டிருந்தீங்க, ஒரே நாள்ல 2,000 ரூபா ஏறினப்பவும் இதே கிடுகிடுதான். சரி தங்கத்துக்கு என்னமோ போட்டுக்கட்டும்னு விட்டுடலாம், ஆனா இதே வார்த்தைய மேட்டூர் அணைக்கும் போடறீங்களே, அங்கதான் எங்களால முடியல.

ஒரு வருஷம் ஆடி பொறக்கறதுக்கு முன்னாடி ராத்திரி நியூஸ்ல “மேட்டூர் நீர்மட்டம் கிடுகிடு உயர்வு”ன்னு சிவப்புல ஓடுச்சு. எங்களுது குழித்தறி, கால் வைக்கற குழி தரைக்குக் கீழ இருக்கும், ஆத்துத் தண்ணி வந்தா மொதல்ல நெறையறது அதுதான். அய்யன் ஒண்ணும் யோசிக்கல, தறியில ஓடிட்டு இருந்த பாவை, அதாவது நீளவாக்குல கட்டியிருக்கற நூலை, அறுத்து சுருட்டி தோள்ல போட்டு மேட்டுல இருக்கற சித்தப்பா வீட்டுக்குக் கொண்டு போயிட்டாரு. மறுநாள் விசாரிச்சா அணை 60 அடியில இருந்து 62 ஆகியிருக்கு. 120 அடி அணைங்க அது, பாதிதான் இருந்திருக்கு, நெறையற வரைக்கும் வர்ற வெள்ளத்தை அதுவே வாங்கிக்கும். அறுத்த பாவை திரும்ப தறியில ஏத்தணும்னா இழை இழையா பிணைக்கணும். அம்மாவும் அய்யனும் எதிரெதிர உக்காந்து விரல்ல சாம்பலைத் தொட்டுத் தொட்டு ரெண்டு நாள் பிணைச்சாங்க, அந்த ரெண்டு நாள் கூலி போனது போனதுதான்.

2022 ஆகஸ்ட்ல அப்படியே தலைகீழ். ஜூலை நடுவுலயே அணை நெறஞ்சாச்சு, நெறஞ்ச அணையில மட்டம் எப்படிங்க ஏறும், வர்றது அத்தனையும் அப்படியே கீழ எங்களுக்குத்தான வரும். விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல ஆத்துல இறங்கினப்ப எங்க வீட்டு டிவியில பெருசா ஓடினது “நீர்மட்டம் 120 அடியாக நீடிப்பு”. கன அடி கணக்கு கீழ பொடி எழுத்துல போச்சு. முனிசிபாலிட்டி மைக்ல சொல்லிட்டுப் போனாங்க, அப்பவும் அய்யன் “கிடுகிடுன்னு போடலையே, ஒண்ணும் இருக்காது”ன்னு படுத்துட்டாரு. விடியறதுக்குள்ள தறிக்குழி நெறஞ்சு, பாவுல செவப்பும் பச்சையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஓடிக் கெடந்துச்சு. அம்மா அதைக் கையில எடுத்துப் பிழிஞ்சு பாத்துட்டு அப்படியே கீழ வெச்சுட்டாங்க.

விநாடிக்கு 1 லட்சம் கன அடி ஒரு நாள் பூரா வந்தா 8.64 டிஎம்சி, ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி. மேட்டூரோட மொத்தக் கொள்ளளவே 93.47 டிஎம்சி, அப்ப காலி அணையே 11 நாளைக்குள்ள நெறஞ்சுடும். வேகம்னா இதுதாங்க. தலைப்புல இதைப் போட்டா எங்கூட்டு அய்யனுக்குக் கூட புரியும்.

வார்த்தைக்கெல்லாம் ஒரு குணம் இருக்குங்க. கிடுகிடுல வேகத்தோட நடுக்கமும் சேர்ந்திருக்கு, மழையில நனைஞ்சா கிடுகிடுன்னுதான நடுங்கறோம். மளமளன்னா காஞ்ச மரம் முறியற சத்தம், தீ பரவற வேகம். புற்றீசல் மழை விட்டதும் கூட்டமா கெளம்பும், காலையில வாசல் பூரா றெக்கைதான் கெடக்கும், காளானும் அதே மாதிரி ரெண்டு நாள் உசுரு. அதைக் கொண்டுபோய் “காளான் போல் பெருகும் வேலைவாய்ப்பு”ன்னு நல்ல சேதிக்கு வைக்கறீங்க, மனசு கஷ்டமா இருக்கு. நின்னு நெலைக்கறதைச் சொல்றதுக்கு ஆல் போல் தழைத்து அருகு போல் வேரோடின்னு கல்யாணத்துக்குக் கல்யாணம் வாழ்த்தறோமே, அது எங்க போச்சு? 50 ரூபா தக்காளி 100 ஆனா ரெண்டு மடங்கு ஆச்சுன்னு சொன்னா புரியுது, “இரண்டு மடங்கு அதிகரிப்பு”ன்னு போட்டா அது 100 ரூபாயா 150 ரூபாயா? பத்து ரூபா குறைஞ்சா “அதிரடி சரிவு”, அரை கிலோமீட்டர் ரோடு போட்டா “அசுர வளர்ச்சி”. எல்லாத்துக்கும் இதையே போட்டுட்டா நெஜமா நடுங்க வேண்டிய அன்னைக்கு எதைப் போடுவீங்க?

கோவத்துல நீட்டிட்டேன், பெரியவங்க மன்னிக்கணும். கேக்கறது ஒண்ணே ஒண்ணு. உயர்வுன்னு எழுதறப்ப எவ்வளவுல இருந்து எவ்வளவு, எத்தனை மணி நேரத்துலன்னு அதே வரியில போடுங்க. அணைச் செய்தின்னா ஆத்துல எவ்வளவு திறக்கறாங்கன்னு மட்டத்துக்கு முன்னாடி, பெரிய எழுத்துல போடுங்க. கிடுகிடுவை அந்த 2022 ஆகஸ்ட் மாதிரி ராத்திரிக்குன்னு எடுத்து வெச்சுக்கங்க. தயவு பண்ணி இந்த ஆடிக்குள்ள செஞ்சு குடுங்க, அய்யன் இன்னைக்கும் உங்க ராத்திரி நியூஸைப் பாத்துட்டுத்தான் பாவை அறுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்றாரு.

இப்படிக்கு,
பவானி ஆத்தங்கரை நெசவாளி மகன்