யமாஷிடாவைத் தூக்கில் போட்டது எதற்காக?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், இரண்டாம் உலகப் போரில் மலாயாவையும் சிங்கப்பூரையும் பிடித்த ஜப்பானியத் தளபதி 'மலாயாப் புலி' யமாஷிடா பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். சைக்கிளில் இறங்கிவந்த படை, சுமார் 30,000 பேரோடு வந்து அதைவிடப் பெரிய பிரிட்டிஷ் படையை மடக்கியது, தன்னிடம் குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்ததைக் காட்டிக்கொள்ளாமல் சிங்கப்பூர் புக்கித் திமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவலைச் சரணடையச் சொல்லி "சரியா, இல்லையா?" என்று நெருக்கியது, எல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனால் சிங்கப்பூர் சரணடைந்த 1942 பிப்ரவரி 15-ஓடு கதையை நிறுத்திவிட்டால் எப்படி?

அன்று சீனப் புத்தாண்டு. மூன்றே நாளில் சிங்கப்பூர்ச் சீன ஆண்களை வரிசையில் நிற்கவைத்து, ஜப்பானுக்கு எதிரி என்று தோன்றியவர்களையெல்லாம் லாரியில் ஏற்றி சாங்கி, பொங்கோல் கடற்கரைகளில் சுட்டுத் தள்ளினார்கள். செத்தவர்கள் 5,000 என்றும் 50,000 வரை என்றும் கணக்கு சொல்கிறார்கள். உத்தரவு யமாஷிடாவின் 25-ஆவது படைத் தலைமையிலிருந்துதான் போனது. கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

இன்னொரு வேடிக்கை (வேடிக்கை என்று சொல்லலாமோ, தெரியவில்லை): அவரைத் தூக்கில் போட்டது இதற்காக இல்லை. 1945-இல் பிலிப்பைன்ஸின் மணிலாவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் செத்தார்களே, அதற்கும் அந்நாட்டில் நடந்த மற்ற கொடுமைகளுக்கும் சேர்த்து. அங்கே வெறியாட்டம் ஆடியது பெரும்பாலும் ஜப்பானியக் கடற்படை அதிகாரி இவாபுச்சியின் ஆட்கள். அப்போது பிலிப்பைன்ஸில் ஜப்பானியப் படைக்குத் தலைவராக இருந்த யமாஷிடா, நகரத்தை விட்டு வெளியேறச் சொல்லிவிட்டு லூசோன் தீவின் மலைக்குள் இருந்தார். 'உனக்குக் கீழே இருந்தவர்களை நீ அடக்கவில்லை' என்பதுதான் குற்றச்சாட்டு. அமெரிக்க ராணுவ நீதிமன்றத்தில் டிசம்பர் 7-ஆம் தேதி பார்த்துத் தீர்ப்பு சொன்னார்கள், ஜப்பான் அமெரிக்காவைத் தாக்கிய பேர்ல் ஹார்பர் நாள்! அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலேயே மர்ஃபி, ரட்லெட்ஜ் என்ற இரண்டு நீதிபதிகள் இது நியாயமான விசாரணையே இல்லை என்று எழுதிவைத்தும் பலனில்லை, 1946 பிப்ரவரி 23 அன்று லாஸ் பான்யோஸில் தூக்கு.

சிங்கப்பூர்ப் படுகொலைக்கு வழக்கு 1947-இல்தான் நடந்தது. கவாமுரா, ஓயிஷி என்ற இரண்டு அதிகாரிகளுக்கு மட்டும் தூக்கு. அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் என்று பலரும் கைகாட்டும், யமாஷிடாவின் படைத் தலைமையகத்தில் அதிகாரியாக இருந்த சுஜி மசனோபு பௌத்த பிட்சு வேடத்தில் தப்பி, பிறகு ஊர் திரும்பி, 1952-இல் ஜப்பான் நாடாளுமன்ற உறுப்பினராகவே ஆகிவிட்டார். அடுத்த இதழில் அவரைப் பற்றி எழுதச் சொல்லுங்களேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்